வாபி ஏரியின் மணல்மேடு குதித்து விளையாடும் இடமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலக் கரையை ஒட்டிய பிரேசர் தீவைப் பற்றி அரைப்பக்க அளவில் ஒரு பயணக் குறிப்பு வெளிவந்திருந்தது. பச்சை நிற ஏரி ஒன்றின் விளிம்பில் செங்குத்தாக இறங்கும் மணல்மேட்டிலிருந்து இளைஞர்கள் இருவர் கைகளை விரித்து நீரை நோக்கித் தாவும் படமும், "உருண்டு குதித்து மகிழ ஓர் இடம்" என்னும் பொருளில் அதற்குக் கீழே ஒரு வரியும் இருந்தன. அந்த ஏரியின் பெயர் வாபி. அதே மேட்டில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே செய்யவே கூடாது என்று சொல்லப்படும் செயலைத்தான் அந்தப் படம் காட்டியது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் வசிப்பவன். 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றே வழங்கிய ஊர் இது; எங்கள் தலைமுறை இன்னும் அப்படித்தான் சொல்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் 1917-இல் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நடப்பட்ட இடமும், பெயரிலேயே தமிழைச் சுமந்து நிற்பதுமான தென்னமரம் தோட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்ட மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்தேன். லயத்து மக்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்போருக்கு, நான் "டிரசர்". பால்மரக் கத்தி கிழித்த கையையும், செம்பனைக் குலை விழுந்த தோளையும், பாம்பு தீண்டிய காலையும் பார்த்துப் பழகிய எனக்கு, கழுத்தெலும்பு முறிந்து நீரிலிருந்து தூக்கிவரப்பட்ட ஒரு பையனின் முகம்தான் இன்றுவரை மறக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மகள் குடும்பத்தோடு பிரிஸ்பனில் இருக்கிறாள். சென்ற ஆண்டு ஆகஸ்ட்டில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, "அப்பா, நீங்கள் நன்றாக நடக்கிறீர்களே, எங்களோடு ஹைக்கிங் வாருங்கள்" என்று மருமகன் அழைத்தார். அந்தத் தீவின் பெயர் இப்போது அதன் பழங்குடி மக்களான புச்சுல்லா இனத்தாரின் சொல்லுக்கே திரும்பிவிட்டது. கர்ரி என்று ஒலிக்கும் அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில் சொர்க்கம் என்று பொருள் கூறுகிறார்கள். 2023 ஜூன் மாதம் அரசே முறைப்படி அதை அறிவித்தது. 1836-இல் கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கிய ஒரு மாலுமித் தலைவரின் குடும்பப் பெயரே அதுவரை தீவுக்கு வழங்கியது. தங்கள் குறிப்பில் பழைய பெயர் மட்டுமே இருந்தது. அடுத்த முறை புதிய பெயரையும், அதாவது பழையதிலும் பழைய பெயரையும், சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

சுமார் 123 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் 22 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இத்தீவு உலகத்திலேயே மிகப் பெரிய மணல் தீவு. 1992-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே தார்ச்சாலை போட்டுப் பேருந்து விடவில்லை. நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டிகள் மட்டுமே மணல் தடங்களில் போக முடியும், அதற்கும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நாங்கள் ரிவர் ஹெட்ஸ் துறையில் படகேறித் தீவை அடைந்தோம். டில்லி வில்லேஜ் முதல் ஹேப்பி வேலி வரை 90 கிலோமீட்டருக்கு ஒரு நெடுநடைப் பாதை இருக்கிறது. முழுவதையும் நடக்க ஆறு முதல் எட்டு நாள் ஆகும். என் வயதுக்கு அவ்வளவு வேண்டாம் என்று, சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் இடத்திலிருந்து பூராங்கூரா ஏரி வழியாக வாபி ஏரி வரை நடந்து, பிறகு கிழக்குக் கடற்கரைக்கு இறங்குவது என்று திட்டமிட்டோம். இடையில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கினோம்.

சென்ட்ரல் ஸ்டேஷன் என்றதும் ரயில் நிலையம் என்று நினைத்துவிடக் கூடாது. மரம் வெட்டுவோருக்காக 1920-இல் எழுந்த குடியிருப்பு அது. ஒரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடம்கூட இருந்திருக்கிறது. ஆள் போன பின் வீடுகளும் மரங்களும் மட்டும் நிற்கும் அந்த வெளியைப் பார்த்தபோது, துண்டாடப்பட்ட எங்கள் தோட்டங்களின் பழைய லயங்கள் நினைவுக்கு வந்தன. அதையொட்டி ஓடும் வாங்கூல்பா ஓடை சத்தமே இல்லாமல் ஓடுகிறது. அடியில் கல் கிடையாது, வெறும் மணல். ஆகவே நீர் மோதி ஒலிக்க எதுவும் இல்லை. நீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. அதன் கரையில் ஆள் உயரத்தை மிஞ்சி வளைந்து நிற்கும் பெரணி ஒன்றைக் காட்டி, இது மிக அரியது என்று மருமகன் விளக்கினார். எனக்கோ அது பழைய அறிமுகம். நம் மலைக்காட்டு ஓடைகளில் மலாய்க்காரர்கள் பாக்கு காஜா, அதாவது யானைப் பெரணி, என்று அழைக்கும் அதே செடிதான். ஊர்விட்டு ஊர் போய் உறவினரைப் பார்த்ததுபோல் இருந்தது.

அங்கிருந்து மேலே போகப் போகக் காடு உயர்கிறது. மணலின் மேல் மழைக்காடு நிற்கிறது என்பதை நான் கேட்டிருந்தேனே தவிர நம்பியதில்லை. எங்கள் ஊரில் ஈயம் (வெள்ளீயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எடுத்த பின் விடப்பட்ட மணல்வெளியில் புல் முளைக்கவே எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நேரில் பார்த்தவன் நான். உரமில்லாத மணலில் அவ்வளவு பெரிய மரங்கள் எப்படி நிற்கின்றன என்று கேட்டபோது, வேர்களோடு பின்னிப் பிணைந்து வாழும் பூஞ்சைகள் மணலிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் சத்தை இழுத்துக் கொடுக்கின்றன என்று மகள் சொன்னாள். அங்குள்ள சாட்டினே என்னும் நெடுமரத்தின் கட்டைகள் சூயஸ் கால்வாய்க்குக்கூட ஏற்றுமதியானவை. 1860-களில் தொடங்கிய மரவெட்டு 1991-இல்தான் நின்றது.

பூராங்கூரா ஏரியைப் பற்றித் தங்கள் குறிப்பு நான்கு வரிகள் எழுதியிருந்தது; அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ நூறு மீட்டர் மேலே, மணலின் மடியில் அந்த நீர் எப்படித் தங்குகிறது என்றால், உதிர்ந்த இலைதழைகள் காலப்போக்கில் மணலோடு இறுகி, நீர் ஊடுருவாத ஒரு தட்டாக அடியில் அமைந்துவிட்டன. சாணம் மெழுகிய திண்ணையைப் போல என்று எண்ணிக்கொண்டேன். அதில் விழுவது மழைநீர் மட்டும். ஓடி வருவதும் இல்லை, ஓடிப் போவதும் இல்லை. எனவே நாம் உடம்பில் பூசிக்கொண்டு இறங்கும் எண்ணெயும் களிம்பும் அங்கேயே தங்கிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கமுள்ள நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மறுநாள் பூராங்கூராவிலிருந்து வாபிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் நடந்தோம். காட்டின் நிழல் சட்டென்று முடிந்து, மேட்டிலிருந்து கீழே பார்க்கும் இடம் ஒன்று வருகிறது. அங்கிருந்து கண்ட காட்சியை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். ஒருபுறம் யூக்கலிப்டஸ் மரங்கள், நடுவே கரும்பச்சை நீர், மறுபுறம் கடலிலிருந்து காட்டுக்குள் நீண்டு படுத்திருக்கும் வெறும் மணல். ஹேமர்ஸ்டோன் என்பது அந்த மணற்பரப்பின் பெயர். தென்கிழக்குக் காற்று அதை ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் வீதம் உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. முன்னொரு காலத்தில் அந்த மணல் ஓர் ஓடையை மறித்ததால்தான் வாபி ஏரியே உண்டாயிற்று. உண்டாக்கிய மணலே இன்று அதை மூடிக்கொண்டு வருகிறது, எதிர்காலத்தில் ஒரு நாள் முழுவதும் மூடிவிடும். தீவின் ஏரிகளில் இதுவே மிக ஆழமானது, ஏறக்குறைய பதினொரு மீட்டர்.

என் பாட்டி திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் "தேரி" என்று ஒரு சொல் சொல்வார். செம்மணல் குன்றுகள் காற்றுக்கு நகரும், இரவில் வாசலில் இருந்த மணல் காலையில் வீட்டுக்குள் இருக்கும், பனைமரம் இடுப்பளவு புதைந்து நிற்கும் என்பார். ரப்பர் காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது கதையாகவே இருந்தது. ஹேமர்ஸ்டோனின் ஓரத்தில், பாதிவரை மணல் மூடிய மரங்கள் உச்சிக்கிளைகளை மட்டும் நீட்டி நின்றதைப் பார்த்தபோதுதான், அந்தக் கிழவி ஒரு சொல்கூட மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்று விளங்கியது. பிறகு கடற்கரைக்கு இறங்கியபோது முன்மேடுகளில் ஆட்டுக்குளம்பு போன்ற இலையோடு படர்ந்திருந்த அடும்பங்கொடியையும், விழுதூன்றி நின்ற தாழையையும் கண்டேன். நெய்தல் நிலத்துக்கு நம் முன்னோர் சொன்ன அடையாளங்கள் எத்தனை கடல் தாண்டியும் மாறவில்லை.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். மணல்மேடு ஏரியைத் தொடும் இடத்தில் சரிவு மிகச் செங்குத்து. மேலிருந்து பார்க்கும்போது நீர் கறுத்துத் தெரிவதால், இறங்கும் இடத்திலேயே ஆழம் இருக்கிறது என்று கண் நம்பிவிடும். ஆனால் மணல் நீருக்கடியிலும் சரிந்து இறங்குகிறது. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று சரிந்த மணலால் முழங்கால் அளவாகியிருக்கலாம். ஓடிவந்து தலைகுப்புறப் பாய்பவனின் தலை அந்த மணலில் ஊன்றி நின்றுவிட, உடம்பின் எடை முழுவதும் பின்னாலிருந்து வந்து கழுத்தின்மேல் விழுகிறது. பெரும்பாலும் கழுத்தெலும்பின் ஐந்தாவது, ஆறாவது கணுக்கள் நொறுங்கி உள்ளே செல்லும் நரம்புத்தண்டு நசுங்கும். அதன்பின் கையும் காலும் செயலிழந்தவன் நீரிலிருந்து தானாக முகத்தைத் தூக்கக்கூட முடியாது. மணல் மெத்தை போன்றது என்று நினைப்பது தவறு. ஈரமாகி இறுகிய மணல் சிமெண்டுத் தரைக்குச் சமம். வாபியில் இப்படி முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் உண்டு என்பதால்தான், ஓடாதீர், உருளாதீர், குதிக்காதீர் என்று வழியிலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். தீவில் மருத்துவமனை கிடையாது. பல இடங்களில் கைப்பேசியும் எடுக்காது. விபத்து நடந்தால் ஹெலிகாப்டர் வர வேண்டும். அதுவரை கூட இருப்பவர்கள்தான் மருத்துவர்.

நான் முன்னே குறிப்பிட்ட பையனும் இப்படித்தான் விழுந்தான். எங்கள் ஊரைச் சுற்றி ஈயக் கப்பல்கள், அதாவது நீரில் மிதந்தபடி ஈயம் தோண்டும் இயந்திரங்கள், தோண்டிவிட்டுப் போன குட்டைகள் நிறைய இருக்கின்றன. 1985-இல் ஈய விலை வீழ்ந்த பிறகு கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட, குட்டைகளும் அவற்றின் கரையில் குவித்த மணல்மேடுகளும் அப்படியே கிடந்தன. பதினாறு வயதுப் பையன், நல்ல பந்து விளையாட்டுக்காரன், பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு மணல்மேட்டிலிருந்து குட்டைக்குள் பாய்ந்தான். நண்பர்கள் அவனைத் தூக்கிச் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்க என்னிடம் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்போடுதான் செய்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காததால் தெரியாமல் செய்தார்கள். நீரிலேயே அவனை மல்லாத்தி மிதக்கவைத்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி இருபுறமும் பிடித்துக்கொண்டு, பலகை ஒன்று வரும்வரை காத்திருந்தால் அவனுக்குக் கை அசைவாவது மிஞ்சியிருக்குமோ என்று நான் பல இரவுகள் எண்ணியதுண்டு. அவன் ஏழு ஆண்டுகள் படுக்கையில் இருந்தான்.

மணலைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, நடந்து போகிறவர்கள் அறிய வேண்டிய வேறு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, டிங்கோ என்னும் காட்டு நாய். புச்சுல்லா மக்கள் அதை வொங்காரி என்கிறார்கள். பார்ப்பதற்கு நம் லயத்து வாசலில் படுத்திருக்கும் செவலை நாயைப் போலவே இருக்கும். அதுதான் ஆபத்து, நம்மவர்களின் கை தானாகவே ரொட்டித்துண்டை நீட்டிவிடும். உணவு கொடுத்துப் பழக்கிய டிங்கோ மனிதரைக் கண்டு அஞ்சாது, கொடுக்காதவரைக் கடிக்கும். 2001-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அத்தீவில் டிங்கோக்களால் கொல்லப்பட்டான். அதன் பின் பல டிங்கோக்களும் சுட்டுக் கொல்லப்பட்டன. ஆகவே உணவு கொடுப்பவர் குழந்தைக்கும் தீங்கு செய்கிறார், அந்த விலங்குக்கும் தீங்கு செய்கிறார். சட்டப்படி அபராதமும் உண்டு. நாங்கள் நடந்த வழியில் ஒன்று எதிரே வந்து நின்றது. ஓடாமல், முதுகு காட்டாமல், பேரப்பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கினோம். அது தன் வழியே போயிற்று. குழந்தைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

மற்றொன்று நெருப்பு. 2020 அக்டோபரில், அனுமதியில்லாத இடத்தில் யாரோ மூட்டிய கூடாரத் தீ சரியாக அணைக்கப்படாமல் பரவி, இரண்டு மாதத்துக்கும் குறையாமல் எரிந்து, தீவின் ஏறத்தாழப் பாதியை, அதாவது எண்பதாயிரம் ஹெக்டருக்கு மேல், கருக்கிவிட்டது. தீயின் மேல் மணலைத் தள்ளி மூடிவிட்டால் அணைந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பழைய ரப்பர் மரத்தைக் கரியாக்கும் சூளையைப் பார்த்தவர்களுக்கு இதன் தவறு உடனே புரியும்: மண்ணால் மூடுவது நெருப்பை அணைப்பதற்கன்று, உள்ளுக்குள் காப்பதற்கு. மணலுக்கடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். வெறுங்காலோடு மிதிக்கும் குழந்தையையும் சுடும். தண்ணீர் ஊற்றித்தான் அணைக்க வேண்டும். நடைப்பயணிகளுக்கோ விறகுத் தீயே கூடாது. சிறிய எரிவாயு அடுப்பை எடுத்துச் சென்று நாங்கள் மெகியும் தேநீரும் போட்டோம், அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தத் தீவு இப்படியே இருப்பது தற்செயல் அன்று என்பதையும் ஓர் ஊர்க்காரனாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் மணலில் ரூட்டைல், சிர்கான், இல்மனைட் ஆகிய கனிமங்கள் உள்ளன. எங்கள் ஈயக்குட்டை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் அமாங்கு என்னும் கனிமக் கலவையிலும் இவைதான் இருக்கின்றன. அங்கேயும் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளூர் மக்கள் 1971-இல் அமைப்பாகத் திரண்டு வழக்காடினார்கள். 1976 இறுதியில் கனிமங்களை ஏற்றுமதி செய்ய நடுவண் அரசு மறுத்ததால் தோண்டுவது நின்றது. ஒரே வகை மணல், அங்கே காடாக நிற்கிறது, இங்கே குட்டையாகக் கிடக்கிறது. புச்சுல்லா மக்களுக்கு மூன்று நெறிகள் உண்டு: நிலத்துக்கு நல்லதே முதலில், உன்னுடையதல்லாததைத் தொடாதே, எடுக்காதே, மிகுதியாக இருந்தால் பகிர்ந்து கொடு. அந்தத் தீவில் நடக்கும்போது இவற்றை என் பேரனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆசிரியர் அவர்களே, பிள்ளைகள் பிரிஸ்பனிலும் மெல்பர்னிலும் இருப்பதால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் இன்று அந்த நாட்டுக்கு அடிக்கடி போகின்றன. அவர்கள் கடைத்தெருவோடு நின்றுவிடாமல் இப்படிப்பட்ட இடங்களுக்கு நடந்து போக வேண்டும் என்பதே என் ஆசை. வயதானவர்களும் முறையாகப் பழகினால் நடக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. புறப்படுவதற்கு முன் ஒரு மாதம் தினமும் செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில், முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு நடந்து பழகினேன். ஆகவே பயணக் குறிப்புகளை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அந்த இடத்தின் விதிகளையும் ஆபத்துகளையும் பத்து வரியில் எழுதச் சொல்கிறேன். வாபி ஏரியின் படத்தைப் பற்றி வரும் ஞாயிறு மலரிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறும் வேண்டுகிறேன்; ஏனெனில் அந்தப் பக்கத்தை வெட்டி அறையில் ஒட்டி வைத்திருக்கும் பையன் ஒருவனை எங்கள் தெருவிலேயே பார்த்தேன், அவன் குளிக்கப் போவது ஆஸ்திரேலியாவில் அன்று, எங்கள் ஊர் ஈயக்குட்டையில். பள்ளி விடுமுறை இன்னும் இரண்டு வாரத்தில் தொடங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.